அனுமதிப் பொத்தான்

பன்னிரண்டு கட்டில்களே உள்ள எட்டாம் வார்டில் எண்பத்து நான்கு படுக்கை விரிப்புகள் வந்து இறங்கியபோது, அங்கிருந்த சிஸ்டருக்கு முதலில் வந்தது சந்தேகம். பிறகு வந்தது கோபம். சந்தேகத்தைத் துணி கொண்டுவந்த டிராலிக்காரரிடம் கேட்டுத் தீர்த்துக்கொண்டார். கோபத்தைத் தொலைபேசி வழியாகப் போர்வை சாருக்கு அனுப்பி வைத்தார்.

"சார், இது வார்டா, துணிக்கடையா?"

போர்வை சார் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. அந்த மருத்துவமனையின் துணிக்கிடங்குக்கு அவர் பொறுப்பாளராகி இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. பதினொரு வார்டுகளுக்கும் போகிற ஒவ்வொரு போர்வைக்கும், விரிப்புக்கும், தலையணை உறைக்கும் அவருடைய கையெழுத்து வேண்டும். அதுவும் சும்மா போட்டுவிட மாட்டார். பதினான்கு கேட்டால் பன்னிரண்டு என்று திருத்திவிட்டுத்தான் போடுவார். அவர் இரண்டைக் குறைப்பார் என்று தெரிந்து சிஸ்டர்கள் இரண்டைக் கூட்டிக் கேட்டார்கள். அவர்கள் கூட்டுவார்கள் என்று தெரிந்து அவர் குறைத்தார். இப்படி இரண்டு தரப்பும் கவனமாக உழைத்து, வேண்டிய எண்ணிக்கையை எட்டிக்கொண்டிருந்தன.

சீட்டுகளைக் கட்டாகக் கட்டி அவர் மேசைக்குக் கொண்டுவருபவர் டிராலிக்காரர். பதினொரு மணிக்கு ஒரு கட்டு, நாலு மணிக்கு ஒரு கட்டு. ஒவ்வொரு சீட்டின் நடுவிலும் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். எங்கேயோ கம்பியில் குத்தி வைக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, ஓட்டையைத் தாண்டிக் கையெழுத்துப் போட அவர் பழகியிருந்தார்.

இதெல்லாம் கணினி வருவதற்கு முந்தைய கதை. எட்டு மாதங்களுக்கு முன்பு நிர்வாக அதிகாரி அவரைக் கூப்பிட்டு, வெளியிலிருந்து ஒரு மென்பொருள் வாங்கப்போவதாகச் சொன்னார். வார்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் தரைத்தளத்துக்குக் கீழே இருக்கிற கிடங்குக்கே நேராகச் செய்தி போய்விடுமாம். நடுவில் ஒருவர் உட்கார்ந்து அனுமதிக்க வேண்டியதில்லை. நடுவில் உட்கார்ந்திருந்தவருக்குப் பழைய பதிவேட்டு அறையில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது என்றும் அதிகாரி அன்போடு சொன்னார். அந்த அறையில் நாற்பது வருடத் தூசி இருந்தது. போர்வை சாருக்கோ புதுத் தலையணையைத் தட்டினாலே ஒன்பது தும்மல் வரும். கிடங்குக்குள்ளேயே பஞ்சுத் தூசிக்குப் பயந்து அவர் இறங்கி வருடக்கணக்காகிறது.

மாதிரிக்குக் காட்டிய அந்த மென்பொருளைப் பார்த்து அவருக்கு வர வேண்டிய பயம் வரவில்லை. ஆசை வந்தது. திரையில் ஒரு ஜன்னல், ஜன்னலில் ஒரு பொத்தான். அம்பைக் கொண்டுபோய் அதன் மேல் வைத்து அழுத்தினால் பொத்தான் உள்ளே அமுங்கி மேலே வந்தது. நிஜத்தில் அங்கே அமுங்குவதற்கு ஒன்றுமே இல்லை. வெறும் வெளிச்சம். வெளிச்சத்தை அழுத்தினால் அது எப்படித் தெரிந்துகொள்கிறது? யாரிடம் போய்ச் சொல்கிறது? அன்று மதியம் முழுக்க அவர் அந்தப் பொத்தானையே நினைத்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் ஒரு நகலெடுக்கும் கடையின் மாடியில் நடந்த கணினி வகுப்பில் போய்ச் சேர்ந்தார். கூடப் படித்தவர்களுக்கு அவர் மகன் வயது. சொல்லிக் கொடுத்த டீச்சருக்கு அவர்களைவிட ஐந்தாறு வயது கூட.

முதல் மாதத்திலேயே அவருக்கு விஷயம் பிடிபட்டது. பொத்தான் எதையும் செய்வதில்லை. அதை அழுத்துவது ஒரு நிகழ்வு. அந்த நிகழ்வு நடந்தால் இன்ன வேலையைச் செய் என்று நாம் எழுதி, இரண்டையும் முடிச்சுப் போட்டு வைக்க வேண்டும். முடிச்சு இல்லாவிட்டால் பொத்தானை விடிய விடிய அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது.

அன்று வீட்டுக்கு வந்ததும் இதை மனைவிக்கு விளக்கினார். அவர் மனைவி தபால் நிலையத்தில் கவுண்டரில் உட்காருகிறவர். ஜன்னலும் நிகழ்வும் அவருக்குப் புதிதல்ல.

"கூப்பிட்டா பதில் சொல்றதுக்கு உள்ள ஒரு ஆள் இருக்கணும். அவ்வளவுதானே?" என்றார்.

"அதேதான்."

"இருபத்தேழு வருஷமா நான் கூப்பிட்டுக்கிட்டு இருக்கேன். உங்களுக்குள்ள அந்த முடிச்சை யாரும் போடலையா?"

உவமை சரியாக இருக்கிறது என்று அவர் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார்.

ஆறாவது மாதத்தில் அவரே ஒரு மென்பொருள் எழுதிவிட்டார். வார்டில் சிஸ்டர் எண்ணிக்கையை எழுதி 'அனுப்பு' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அது போர்வை சாரின் திரையில் வரும். அவர் இரண்டைக் குறைத்து 'அனுமதி'யை அழுத்தினால், கீழே டிராலிக்காரரின் திரையில் மணி அடித்துக்கொண்டு தெரியும். வெளியில் வாங்குவதென்றால் மூன்று குழுக்களைக் கூட்ட வேண்டியிருக்கும் என்பதால் நிர்வாக அதிகாரியும் சம்மதித்தார். மூன்று வாரம் சோதனை. திரையில் வராமல் ஒரு தலையணை உறைகூடக் கிடங்கை விட்டு நகரக் கூடாது என்று உத்தரவும் போட்டார். சோதனை தோற்றால் பதிவேட்டு அறை.

முதல் நாளே எண்பத்து நான்கு விரிப்பு.

போர்வை சார் எட்டாம் வார்டுக்கே போய், என்ன செய்தீர்கள் என்று பதமாக விசாரித்தார். சிஸ்டர் அழுத்திக் காட்டினார். ஒன்றும் ஆகவில்லை. உள்ளுக்குள் எல்லாம் ஆகியிருந்தது, வெளியே தெரியவில்லை. அதனால் மறுபடி அழுத்தியிருக்கிறார். அப்படியே ஏழு தடவை. மேலே ஏழு தடவையும் 'டிங்' என்று வந்தபோது, மற்ற வார்டுகளின் கோரிக்கைகளோடு கலந்து வந்ததால், போர்வை சார் ஒவ்வொன்றிலும் பொறுப்பாக இரண்டைக் குறைத்து அனுமதித்திருந்தார். உண்மையைச் சொன்னால், அனுமதிப் பொத்தான் அமுங்கி மேலே வரும் அழகில் அவர் எண்ணிக்கையையே கவனிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை இதற்கு மருந்து தயார். 'அனுப்பு' என்றதும் ஒரு சின்னப் பெட்டி எழுந்து, 'நிச்சயமாக அனுப்ப வேண்டுமா?' என்று கேட்டது. கீழே 'இல்லை', 'ஆம்' என்று இரண்டு பொத்தான்கள். அவசரப்பட்டு யாரும் தவறு செய்துவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் 'இல்லை'யை முதலில் வைத்திருந்தார். சிஸ்டர்கள் பெட்டியைப் படிக்கவில்லை. என்டரைத் தட்டினார்கள். என்டர் போய் முதலில் நின்ற 'இல்லை'யில் விழுந்தது. பதினொரு வார்டும் பதினொரு தடவை, வேண்டாம், வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் துணிக்காகக் காத்திருந்தன. மேலே ஒரு 'டிங்'கும் இல்லாததைப் பார்த்த போர்வை சார், எல்லா வார்டும் திருப்தியாக இருக்கிறது என்று நினைத்து நிம்மதியாக டீ குடித்தார். மூன்றாம் வார்டில் பெரிய டாக்டர் வெறும் மெத்தைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போன பிறகுதான் தொலைபேசி அடித்தது.

புதன்கிழமை பெட்டியை எடுத்துவிட்டார். அதற்குப் பதிலாக, ஒரு தடவை அழுத்தியதும் பொத்தான் சாம்பல் நிறமாகிவிடும். அவர் அனுமதித்த பிறகுதான் உயிர் பெறும். ஒருவர் இரண்டு தடவை அழுத்தவே முடியாது. இதில் ஓட்டையே இல்லை என்று டீச்சரிடம் தொலைபேசியில் சொன்னார். யோசித்துச் செய்யுங்கள் சார் என்று டீச்சர் சொன்னதை அவர் பாராட்டாக எடுத்துக்கொண்டார். அன்று காலை பத்து மணிக்கு அவருக்கு ஒன்றரை மணி நேரக் கூட்டம் இருந்தது. திரும்பி வருவதற்குள் பதினொரு பொத்தான்களும் சாம்பலாகிக் கிடந்தன. ஐந்தாம் வார்டு சிஸ்டர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட, அவர் டெஸ்டரோடு வந்து திரையைத் தொட்டுப் பார்த்து, கரண்ட் இருக்கிறது என்று உறுதி செய்துவிட்டு, எதற்கும் இருக்கட்டுமென்று மௌஸைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். மற்ற சிஸ்டர்கள் கெட்டிக்காரர்கள். மூலையில் இருந்த பெருக்கல் குறியை அழுத்தி ஜன்னலை மூடி, புதிதாகத் திறந்தார்கள். புது ஜன்னலில் புதுப் பொத்தான் பளிச்சென்று நின்றது. அதை அழுத்தினார்கள். சாம்பலானது. மூடினார்கள். திறந்தார்கள்.

அன்று சாயங்கால வகுப்பில் டீச்சர் ஒரு விஷயம் சொன்னார். ஜன்னலை மூடுவதும் ஒரு நிகழ்வுதான். மூடச் சொல்லி வருகிற நிகழ்வைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஒன்றும் செய்யாமல் இருந்துவிடலாம். ஜன்னல் மூடாது. போர்வை சாருக்கு உடம்பு சிலிர்த்தது. மூடு என்றால் மூட மாட்டேன் என்று சொல்கிற உரிமை ஒரு ஜன்னலுக்கு இருக்கிறதா? இதைத் தெரிந்துகொள்ளாமலே ஐம்பத்து நான்கு வருடம் வாழ்ந்துவிட்டோமே என்று இருந்தது.

வியாழக்கிழமை எந்த ஜன்னலும் மூடவில்லை. அதற்குப் பின்னால் மாட்டிக்கொண்ட நோயாளிகளின் குறிப்புகளும் தெரியவில்லை. கணினியை நிறுத்தப் பார்த்தால், துணி ஜன்னல் இன்னும் திறந்திருக்கிறது என்று அதுவும் நின்றுவிட்டது. இரண்டாம் வார்டு டாக்டர் பொறுத்துப் பார்த்துவிட்டு, சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கினார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்ததென்றால், ஒரு குரங்கோடு முடிந்ததே என்று ஆறுதல்படலாம். இங்கே தினமும் ஒன்று வந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை அவர் எல்லாக் கட்டுப்பாடுகளையும் எடுத்துவிட்டு, சிஸ்டர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று ஒரே ஒரு மாற்றம் செய்தார். மௌஸ் வேண்டாம், ஸ்பேஸ் கட்டையைத் தட்டினாலே 'அனுப்பு' அழுந்தும். பதினொன்றாம் வார்டு சிஸ்டர் ஊசி போடப் போகும்போது, காய்ச்சல் பதிவேட்டை விசைப்பலகையின் மேல் வைத்துவிட்டுப் போனார். தடித்த பதிவேடு. சரியாக ஸ்பேஸ் கட்டையின் மேல் படுத்துக்கொண்டது. சிஸ்டர் திரும்பி வருவதற்குள் அந்தப் பதிவேடு நானூற்று அறுபத்தோரு தடவை பத்துப் பத்துப் போர்வை கேட்டிருந்தது.

போர்வை சார் அறையில் 'டிங்' என்ற சத்தத்துக்கு நடுவில் இடைவெளியே இல்லாமல் போனது. உண்மையான கோரிக்கைகள் அந்தக் குவியலுக்குள் எங்கேயோ கிடந்தன. அவர் ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே தேடினார். மூன்று மணி நேரம் ஆனது. அப்போதுதான் டிராலிக்காரர் கதவருகே வந்து நின்றார்.

டிராலிக்காரருக்குப் பேச்சு பிடிக்காது என்று சொல்ல முடியாது. அவசியம் வந்தால் பேசுவார், அவ்வளவுதான். போர்வை சாரைவிட மூன்று வயது மூத்தவர். ஒரு வாரமாக, உத்தரவுப்படி, திரைக்கு எதிரே ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து மணி அடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். எண்பத்து நான்கு என்று வந்தால் எண்பத்து நான்கைத் தள்ளிக்கொண்டு போனார். ஒன்றும் வராவிட்டால் உட்கார்ந்திருந்தார்.

"கீழ மணியே அடிக்கல சார்" என்றார். "ரெண்டாவது மாடில ஒரு பெரியவரு காலையிலேருந்து ஈரத்துலயே படுத்திருக்காரு. எடுத்துட்டுப் போகட்டுமா, இன்னும் இருக்கணுமா?"

ஒரு வாரமாகப் போர்வை சார் பொத்தானைப் பற்றித்தான் யோசித்திருந்தார். பொத்தானின் அந்தக் கோடியில் ஒரு கட்டில் இருக்கிறது, கட்டிலில் ஒரு ஆள் இருக்கிறார் என்பது அதுவரை அவர் ஜன்னலில் தெரியவே இல்லை. போங்க, உடனே போங்க என்று சொல்லிவிட்டு, வெட்கத்தோடு திரையை அணைத்தார்.

சனிக்கிழமை நிர்வாக அதிகாரி புகார்களை அவர் முன்னால் வைத்தார். முதல் வாரத்தில் ஒரு விரிப்பு வார்டுக்குப் போய்ச் சேரச் சராசரியாக மூன்று மணி நேரம் ஆகியிருக்கிறது. திங்கட்கிழமையிலிருந்து ஒரே ஒரு புகார் வந்தாலும் சோதனை முடிந்தது என்றார். பதிவேட்டு அறையின் சாவியைத் தேடிக்கொண்டிருப்பதாகவும் சொன்னார்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது போர்வை சார் எதையும் விளக்கவில்லை. அதுவே மனைவிக்குப் பயமாக இருந்தது. என்ன என்று கேட்டு, முழுக் கதையையும் வாங்கிக்கொண்டார்.

"என் கவுண்டர்லயும் இப்படித்தான். கண்ணாடியைத் தட்டிக்கிட்டே இருப்பாங்க" என்றார். "நான் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துத் தலையாட்டினா போதும். வேலை நடக்குதோ இல்லையோ, தட்டறதை நிறுத்திடுவாங்க."

போர்வை சார் பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு நோட்டைத் தேடினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினார். சிஸ்டர் 'அனுப்பு' என்றதும் அந்தக் கணமே அந்த வரி பச்சையாகி, 'கிடைத்தது, சிஸ்டர்' என்று காட்டும். தலையாட்டல். அதை எழுதி அழுத்திப் பார்த்தபோது அவருக்கே மறுபடி அழுத்தத் தோன்றவில்லை. அந்தப் பச்சை அவரை அப்படியே இழுத்துக்கொண்டது. இலைப் பச்சை சரியாக இருக்குமா, கிளிப் பச்சையா என்று மதியம் வரைக்கும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அவர் திரையிலும் அப்படியே: 'அனுமதி' என்றதும் அந்த வரி மெல்லப் பச்சையாகி, கண்ணெதிரே கரைந்து போகும். அது கரைகிற வேகத்தைச் சரி செய்வதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். மனைவி இரண்டு தடவை அழுத்திப் பார்த்து, நல்லா இருக்கு என்றார். இருபத்தேழு வருடத்தில் அவர் காட்டிய எதையும் மனைவி இரண்டாம் தடவை அழுத்திப் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை ஒரு புகாரும் வரவில்லை.

போர்வை சார் தொலைபேசியின் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். வேலை செய்தது. செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை எட்டாம் வார்டு சிஸ்டர் நடைபாதையில் அவரைப் பார்த்துச் சிரித்தார். அது கோபத்தின் முன்னுரையோ என்று பயந்து அவர் படிக்கட்டுக்குள் ஒதுங்கினார். இல்லை, நிஜமான சிரிப்பு. 'டிங்' என்று வரும், இரண்டைக் குறைப்பார், அனுமதியை அழுத்துவார், பச்சையாகிக் கரையும். டிராலி சரியான நேரத்துக்கு மாடிக்குப் போய்வந்துகொண்டிருந்தது. லிஃப்டின் சத்தத்தை வைத்தே அவருக்கு அது தெரிந்தது.

இப்படி இரண்டு வாரம். கடைசிச் சனிக்கிழமை நிர்வாக அதிகாரி எழுந்து நின்று கைகொடுத்தார். சிஸ்டர்கள் நோட்டில் குறித்த நேரப்படி, மூன்று மணி நேரம் என்பது இருபது நிமிடம் ஆகியிருந்தது. வெளியில் வாங்கும் யோசனையைக் கைவிட்டாகிவிட்டது. நாற்காலி அவருக்கே. அதோடு திங்கட்கிழமை பத்து மணிக்கு எல்லாப் பிரிவுத் தலைவர்களுக்கும் முன்னால், நடுவில் ஒருவர் சரிபார்த்து அனுமதிப்பதால் வேலை எப்படி வேகமாகிறது என்று அவர் விளக்க வேண்டும். வேகத்துக்குக் காரணம் அந்த அனுமதிதான் என்பது தனக்கு இப்போதுதான் புரிகிறது என்று அதிகாரி மனம் திறந்து சொன்னார். போர்வை சாருக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தக் கலங்கிய கண்ணோடுதான் வகுப்புக்குப் போனார். எழுதியதைப் பென்டிரைவில் கொண்டுபோய் டீச்சரிடம் காட்டினார். திங்கட்கிழமை யாராவது குறுக்குக் கேள்வி கேட்டால் தடுமாறக் கூடாது என்று ஒவ்வொரு வரியாக விளக்கச் சொன்னார். டீச்சர் பச்சையைப் பாராட்டினார். 'கிடைத்தது, சிஸ்டர்' என்பதை எல்லா மாணவர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். அப்புறம் ஒரு இடத்தில் நிறுத்தி, மேலே போனார், கீழே வந்தார், மறுபடி மேலே போனார்.

"சார், இந்த அனுமதி பட்டனை அழுத்தினா என்ன ஆகும்?"

"பச்சையாகும். அப்புறம் கீழே கிடங்குக்குச் செய்தி போகும்."

"பச்சையாகுது. அதோட சரி" என்றார் டீச்சர். "கீழே அனுப்பற வேலையைத் தனியா அழகா எழுதி வெச்சிருக்கீங்க. ஆனா அதை யாருமே கூப்பிடல. முடிச்சே போடல சார்."

விருந்துக்குச் சமைத்து வைத்துவிட்டு யாரையும் அழைக்காமல் விட்டது போல அந்தப் பத்து வரிகளும் ஓர் ஓரமாக நின்றன. போர்வை சார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அப்படியேதான் நின்றன. இரண்டு வாரமாக அவர் கொடுத்த ஓர் அனுமதிகூட அந்த அறையை விட்டு வெளியே போகவில்லை.

"அப்ப துணி எப்படிப் போச்சு?" என்று டீச்சர் கேட்டார்.

அதைத்தான் அவரும் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். பேசாமல் இருந்துவிடலாம் என்று ஒரு மனசு சொன்னது. நாற்காலி கிடைத்துவிட்டது. ஒரு வரியில் முடிச்சைப் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுப்பானேன்? ஆனால் வெளிச்சத்தை அழுத்தினால் அது யாரிடம் போய்ச் சொல்கிறது என்று எட்டு மாதத்துக்கு முன்னால் பிடித்த அரிப்பு இன்னும் அவரை விடவில்லை. செய்தி போகவில்லை, துணி போயிருக்கிறது. அதுவும் இருபது நிமிடத்தில். ஒருவேளை நிர்வாக அதிகாரியே ரகசியமாக வேறு மென்பொருளைப் போட்டுவிட்டாரோ? சிஸ்டர்களே கீழே இறங்கி எடுத்துப் போகிறார்களோ? ஞாயிற்றுக்கிழமை எட்டாம் வார்டு சிஸ்டருக்குத் தொலைபேசியில் பேசி, உங்களுக்குத் துணி எப்படி வருகிறது என்று நாசூக்காகக் கேட்டுப் பார்த்தார். டிராலியில் வருகிறது என்று சிஸ்டர் சொன்னார். மனைவியிடம் கேட்டதற்கு, துணி கொண்டுபோகிறவரைக் கேட்காமல் என்னைக் கேட்டால் எப்படி என்றார்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கே, மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, போர்வை சார் கிடங்குக்கு இறங்கினார். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு இறங்குகிறார். சலவை இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. சூடான துணியின் வாசனை படியிலேயே எதிர்கொண்டது. விரிப்புகள் விளிம்போடு விளிம்பு சேர்ந்து அடுக்கடுக்காக இருந்தன. எட்டு என்றும் இரண்டு என்றும் சாக்பீஸால் எழுதிய தட்டுகளில் அந்தந்த வார்டுக்கான துணி ஏற்கெனவே எண்ணி வைக்கப்பட்டிருந்தது. எட்டாம் வார்டுத் தட்டில் அவர் எண்ணிப் பார்த்தார். சரியாகப் பன்னிரண்டு.

ஓரத்தில் டிராலிக்காரரின் திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. 'அனுமதிக்காகக் காத்திருக்கிறது' என்று இருந்தது. இரண்டு வாரமாக அதே வரி. அதன் மேல் ஒரு ஜோடி ரப்பர் கையுறை காயப்போட்டிருந்தது.

டிராலிக்காரர் அவரைப் பார்த்ததும் கையுறைகளை எடுத்து மறைத்துக்கொண்டார். திரையில் வராமல் துணி நகரக் கூடாது என்ற உத்தரவு அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். போர்வை சார் அவரைத் திட்ட வரவில்லை என்று முதலில் சொன்னார். அதை அவர் நம்புவதற்காக இரண்டாம் தடவையும் சொன்னார். தன் பொத்தானில் கோளாறு என்றும், இரண்டு வாரமாகக் கீழே எதுவும் வந்திருக்காது என்றும் ஒப்புக்கொண்டார். அப்படியிருக்க, துணி எப்படிப் போனது என்பது மட்டும் தெரிய வேண்டும். பத்து மணிக்குக் கூட்டம் இருக்கிறது. அதற்காகக்கூட இல்லை, தெரியாமல் தூக்கம் வரவில்லை.

"முதல் நாள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன் சார். மணி அடிக்கல" என்றார் டிராலிக்காரர். "சரி, அந்தத் தொல்லை முடிஞ்சுதுன்னு, வார்டு வார்டாக் கேட்டுக்கிட்டுப் பழைய முறைக்கே போயிட்டேன்."

போர்வை சாருக்கு இது புரியவில்லை. பழைய முறை என்றால் சீட்டு வேண்டும். சீட்டில் அவர் கையெழுத்து வேண்டும். இந்த மூன்று வாரத்தில் அவர் ஒரு சீட்டிலும் கையெழுத்துப் போடவில்லையே? அதைக் கேட்க வாயைத் திறந்தவர், டிராலிக்காரரின் தோளுக்குப் பின்னால், வெளியே போகும் கதவை ஒட்டிச் சுவரில் இருந்த ஒரு கம்பியைப் பார்த்தார். பழங்காலத்துக் கம்பி. நுனி கூர்மையாகத் தேய்ந்திருந்தது. சோதனைக்கு முந்தைய தேதியிட்ட நாலைந்து பழைய சீட்டுகள் இன்னும் அதில் தொங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் அவருக்கு நன்றாகப் பழக்கமான அதே ஓட்டை. ஒன்றிலும் கையெழுத்து இல்லை.

"இது எதுக்கு?" என்று கேட்டார். குரல் கைக்குட்டைக்குள்ளேயே நின்றுவிட்டது.

டிராலிக்காரர் டிராலியை லிஃப்டுக்குள் தள்ளி, கதவைக் காலால் தடுத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

"வார்டுல துணியைக் கொடுத்து முடிச்சதும் அந்தச் சீட்டை இதுல குத்துவேன் சார், குத்தினதை உருவித்தான் இத்தனை வருஷமும் உங்ககிட்ட கையெழுத்துக்குக் கொண்டு வந்தேன், நனைஞ்ச படுக்கை அதுவரைக்கும் காத்துக்கிட்டா இருக்கும்?"